பயத்தையும் எழுதிவைத்தவள்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சி ஒருவரைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. பிரசவ விடுதியில் வேலை செய்கிற ஒரு வைத்தியர். ஆகவே என் தொழிலைக் கொண்டு எனக்கு விளங்கக்கூடிய ஒருவரைத் தேடினேன். பெர்பெத்துவா கிடைத்தாள். வயது 22. கையில் பால்குடிப் பிள்ளை. நன்றாகப் படித்தவள். தன் சிறைவாசத்தைத் தானே எழுதிவைத்தவள். அவளோடு நின்றவள் பெலிசித்தா. எட்டு மாதக் கர்ப்பிணியான ஓர் அடிமைப் பெண். திருச்சபை இவர்களைப் புனிதர் என்று கொண்டாடுகிறது. ஆனால் முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகளைவிட பெர்பெத்துவாவுக்கு நாலைந்து வயதுதான் கூட. ஆகவே உரிமையோடு “அவள்” என்றே சொல்லப்போகிறேன்.

இடம், வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். இன்றைய துனீசியாவின் தலைநகரான துனிசுக்கு அருகே, கடலோரத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. காலம், கி.பி. 203. ரோமப் பேரரசராக இருந்தவர் செப்திமியுஸ் செவேருஸ். திருமுழுக்குப் பெறுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஐந்து இளையவர்களைப் பிடித்தார்கள். பெர்பெத்துவா, பெலிசித்தா, ரெவொகாத்துஸ், சத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் என்பவை அவர்களுடைய பெயர்கள். அவர்களுக்கு வேதம் படிப்பித்தவர் சத்துருஸ். கைதுசெய்தபோது அவர் அங்கே இருக்கவில்லை. பிறகு தாமாகவே போய்த் தம் மாணவர்களோடு சேர்ந்துகொண்டார். இங்கே ஆசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். அந்த ஒரு வரிச் செய்தியை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கதை எமக்குக் கிடைத்திருப்பது இலத்தீன் மொழியில் உள்ள ஒரு சிறிய ஏட்டிலிருந்து. அதன் நடுப்பகுதி பெர்பெத்துவா சிறையிலிருந்தபடி எழுதியது. அவள் தன் கையாலேயே எழுதியதை அப்படியே தருவதாக, தொகுத்தவர் சொல்கிறார். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதற்காக எழுந்த ஒரு கல்லூரியில் நின்று இதைச் சொல்வது எனக்கு மகிழ்ச்சி. அவளுக்கு எழுதத் தெரிந்திராவிட்டால் அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னது மட்டுமே எமக்குக் கிடைத்திருக்கும்.

மற்றவர்கள் சொல்லியிருந்தால் அவள் பயப்படவேயில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவளோ தான் மிகவும் பயந்ததாக எழுதியிருக்கிறாள். சிறைக்குள் தள்ளப்பட்ட நாளில், அதுபோன்ற இருட்டைத் தான் அதற்குமுன் அறிந்ததில்லை என்கிறாள். சன நெரிசல், வெக்கை, காசு பிடுங்கும் சிப்பாய்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைப் பற்றிய ஏக்கம். திருத்தொண்டர்கள் இருவர் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரமாவது சிறையின் நல்ல பகுதியில் இருக்க ஒழுங்கு செய்தார்கள். அங்கேதான் பசியால் சோர்ந்திருந்த பிள்ளைக்கு அவள் பால் கொடுத்தாள். பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்க அனுமதி பெற்றாள். அதன்பின் அந்தச் சிறை தனக்கு அரண்மனைபோல் ஆகிவிட்டது என்று எழுதுகிறாள்.

இருட்டு என்றால் என்ன என்று என் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும். ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அடி அடியாக நகர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிறவர்களிலும் இருக்கிறீர்கள். அன்று எங்களுக்குப் பயம் இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. பயப்படுகிறவருக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், பெர்பெத்துவாவின் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிரசவ அறைக்கு வரும் தாய்மாரில் பயமில்லாமல் வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. பயத்தோடுதான் பிள்ளையைப் பெற்றெடுக்கிறார்கள். துணிவு என்று நான் நாள்தோறும் பார்ப்பது அதைத்தான்.

அவளுடைய தகப்பன் கிறிஸ்தவர் அல்ல. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். கைதான சில நாட்களில் வந்து மனதை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். அவள் அங்கிருந்த ஒரு சாடியைக் காட்டி, இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்டாள். முடியாது என்றார். அப்படியானால் நானும் என்னை நான் அல்லாத ஒன்றாகச் சொல்ல முடியாது, நான் கிறிஸ்தவள் என்றாள்.

வாதம் அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளதென்று சொல்வது.

நான் பணியாற்றிய இடமொன்றில், ஒரு பிரசவத்தில் வைத்தியரை அழைத்த நேரத்துக்கும் அவர் வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையில் நீண்ட தாமதம் ஏற்பட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ஆனாலும் பதிவேட்டைப் பார்த்தால் கேள்வி வரும். “நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கோ பிள்ளை” என்று அனுபவமுள்ள ஒருவர் மெல்லச் சொன்னார். அந்த இளம் மருத்துவமாது, “நான் கூப்பிட்ட நேரம் இதுதான்” என்று சொல்லி, அந்த நேரத்தையே எழுதி ஒப்பமிட்டாள். அவளுடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவள் என்ன சமயம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. ஆனால் பெர்பெத்துவாவின் சாடியை நான் நேரிலே கண்டது அன்றைக்குத்தான். எங்களில் பெரும்பாலானோருக்குச் சிங்கத்தின் முன் நிற்கும்படி வராது. ஒரு பதிவேடும் பேனையும் முன்னால் வரும்.

விசாரணை நாளில் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நீதிபதி ஹிலாரியானுசும் வயோதிபத் தகப்பனையும் பச்சைக் குழந்தையையும் நினைத்துப் பார், பேரரசரின் நலத்துக்காகப் பலி செலுத்திவிடு என்றார். ஒரு சடங்கைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் மறுத்தாள். தகப்பன் தொடர்ந்து மன்றாடியபோது, அவரை அப்புறப்படுத்தி ஒரு தடியால் அடித்தார்கள். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் இருந்தது என்று அவள் எழுதுகிறாள். அந்த முதுமை இப்படிச் சிறுமைப்பட்டதற்காக வருந்துகிறாள். தன் கொள்கைக்கு எதிராக நின்றவர் என்று தகப்பனை அவள் வெறுக்கவில்லை. அவருக்காக அழுதுகொண்டே அவருக்கு இணங்காமல் நின்றாள். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது எவ்வளவு கடினம் என்பது, வீட்டார் விரும்பாத ஒரு நல்ல காரியத்துக்காக நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இனி, எனக்குக் கடினமான இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவள் ஆகமாட்டேன்.

தீர்ப்புக்குப் பிறகு அவள் பிள்ளையைக் கேட்டு அனுப்பினாள். தகப்பன் கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளை அதன்பின் பாலுக்கு அழவில்லை, தனக்கும் மார்பில் அழற்சி வரவில்லை, அது கடவுளின் சித்தம் என்று அவள் எழுதியிருக்கிறாள். பால் கொடுப்பதைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற தாய்மாருக்குத் தெரியும். பால் கட்டிப்போய், மார்பு கல்லாகி, சிலருக்குக் காய்ச்சலும் வந்துவிடும். அந்த ஒரு குறிப்பை வாசித்தபோது, இது உண்மையான தாய் ஒருத்தி எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதே நேரத்தில் ஒரு தாயாக என் மனம் கேட்கிறது: பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா?

எங்கள் தலைமுறை, சாவைப் புகழ்ந்த சொற்களை நிறையக் கேட்டு வளர்ந்த தலைமுறை. பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் எங்கள் அயலில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கதையைச் சொல்லி, சாவு அழகானது என்று எந்தப் பிள்ளைக்கும் நான் படிப்பிக்கமாட்டேன். கிரேக்க மொழியில் “மார்த்துஸ்” என்ற சொல்லுக்குச் சாட்சி என்பதுதான் பொருள். சாவு என்ற பொருள் அதில் பிற்பாடுதான் வந்து ஏறியது. பெர்பெத்துவா யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்ல மறுத்தாள். அதற்குக் கொலையைத் தண்டனையாக வைத்தது பேரரசு. பிள்ளையிடமிருந்து தாயைப் பிரித்த குற்றமும் அந்தப் பேரரசினுடையதே. அந்தக் கேள்வியை அவள்மேல் மட்டும் சுமத்துவது நீதியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உறுத்தட்டும். அந்தப் பிள்ளையை மறந்துவிட்டு அவளைப் புகழ்வதைவிட அது நல்லது.

இனிப் பெலிசித்தா. ரோமச் சட்டத்தில் கர்ப்பிணிக்கு மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது. ஆகவே தன்னைப் பின்னால் விட்டுவிட்டு, பிறகு யாரோ குற்றவாளிகளோடு சேர்த்துத் தண்டிப்பார்களே என்று அவள் கலங்கினாள். கூட இருந்தவர்களும் கலங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து மன்றாடினார்கள். உடனே வலி கண்டது. எட்டாம் மாதப் பிரசவம், கடுமையான வலி. அவள் வேதனையில் கத்தியதைக் கேட்ட காவலன் ஒருவன், இதற்கே இப்படிக் கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் போட்டால் என்ன செய்வாய் என்று நையாண்டி பண்ணினான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள்ளே இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்று அவள் பதில் சொன்னாள்.

அந்தப் பதிலைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நான் அந்தக் காவலனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1,800 ஆண்டுகள் கழிந்தும் அவனுடைய குரல் ஓயவில்லை. வலியில் கத்துகிற தாயைப் பார்த்து “இப்பவே இப்பிடிக் கத்தினால் பிறகு என்ன செய்யப்போறாய்” என்று ஏசுகிற குரலைப் பிரசவ அறைகளில் நான் கேட்டிருக்கிறேன். இங்கே என் துறையைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இனி வரப்போகிற பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அவள் கத்தியது அவளுடைய விசுவாசத்தில் குறை அல்ல. வலித்தது, கத்தினாள். வலிக்கிறவளுக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

பெர்பெத்துவாவும் மற்றவர்களுக்காகவே அதிகம் வாய் திறந்தாள். கைதிகளை மோசமாக நடத்திய அதிகாரியிடம், பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில் நிறுத்தப்போகிற எங்களை நன்றாக வைத்திருந்தால் உங்களுக்குத்தானே பெருமை என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் முகம் சிவந்துபோய், அவர்களை நல்லபடியாக நடத்தும்படியும், வந்து பார்க்கும் உறவினரை உள்ளே விடும்படியும் கட்டளையிட்டார். அரங்கின் வாசலில் பெண்களுக்கு ஒரு தெய்வத்தின் பூசாரிணிகளுடைய உடையைப் போட்டுவிடப் பார்த்தார்கள். அவள் இறுதிவரை மறுத்துப் பேசினாள், அதிகாரி விட்டுக்கொடுத்தார். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழிகளில் பலர் சைவர்கள். ஒருவருடைய மனச்சாட்சிக்கு விரோதமான உடையை அவருக்கு வலிந்து அணிவிக்கக் கூடாது என்பதில் அவர்களுக்கும் எனக்கும் ஒரே கருத்துத்தான்.

மார்ச் 7 ஆம் திகதி. அந்த இரு பெண்களுக்கும் எதிராக ஏவப்பட்டது ஒரு வெறிபிடித்த பசு. முதலில் ஆடையின்றி வலையால் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மென்மையான இளம்பெண். மற்றவள் அப்போதுதான் பிள்ளை பெற்று, மார்பில் பால் வடிந்துகொண்டிருந்தவள். வேடிக்கை பார்க்க வந்த சனமே அதைக் கண்டு பதறியது. திருப்பி அழைத்து உடை கொடுத்தார்கள். பசு பெர்பெத்துவாவைத் தூக்கி எறிந்தது. அவள் எழுந்து கிழிந்த உடையை இழுத்து மூடினாள். ஊசியொன்றைக் கேட்டு, கலைந்த தலைமயிரை முடிந்தாள். விரிந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம். தான் துக்கப்படுவதாக யாரும் நினைக்கக் கூடாதென்று எண்ணினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பெலிசித்தா விழுந்து கிடந்தாள். கிட்டப் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் அருகருகே நின்றார்கள்.

உயர்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் கைகோத்து நின்றதை அந்த நகரமே பார்த்தது. எங்கள் சமூகத்தில் சம ஆசனமும் சம போசனமும் ஒரு காலத்தில் போராடிப் பெறவேண்டியவையாக இருந்தன. அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. விழுந்து கிடப்பவள் யாருடைய மகள் என்று கேட்காமல் கைகொடுப்பதும் விசுவாசத்தில் சேர்த்திதான்.

வாளால் முடிக்கும் வேளை வந்தது. பழக்கமில்லாத இளம் வீரனின் வாள் எலும்பில் பட்டு அவள் அலறினாள் என்று தொகுத்தவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு நடுங்கிய அவன் கையைத் தானே பிடித்துக் கழுத்துக்கு வழிகாட்டினாள். அதற்கு முன்னர் தம்பியைக் கூப்பிட்டு அவள் சொன்னதன் சாரம் இதுதான்: விசுவாசத்தில் உறுதியாக இருங்கள், ஒருவரையொருவர் நேசியுங்கள், எங்கள் பாடுகளைக் கண்டு இடறிவிடாதீர்கள்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர்களுடைய திருநாளில் வட ஆபிரிக்காவில் அந்த ஏட்டை வாசித்தார்கள். புனித அகுஸ்தீனார் அவர்களைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறார். 1907 இல் கார்த்தேஜின் பழைய ஆலயம் ஒன்றின் இடிபாட்டில், அவர்களுடைய பெயர்கள் பொறித்த கல்லைத் துண்டு துண்டாகக் கண்டெடுத்தார்கள்.

ஆனால் கல்லில் பெயர் இல்லாத ஒருத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். பெலிசித்தா பெற்றது பெண்பிள்ளை. சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அந்தப் பிள்ளையை வாங்கித் தன் மகளாகவே வளர்த்தாள். ஏட்டில் அவளுக்கு ஒரேயொரு வசனம்தான். பெயர் இல்லை. நினைத்துப் பாருங்கள். சிறையில் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. தாய் கொல்லப்பட்ட கைதி, அடிமை. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்குவதே ஆபத்து. குறைமாதப் பிள்ளைக்குப் பால் புகட்டி உயிரோடு வைத்திருப்பது எத்தனை இரவுகளின் வேலை என்று எனக்குத் தெரியும். அரங்கில் நின்றவர்களின் துணிவு ஒரு பகலில் முடிந்தது. இவளுடைய துணிவு ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழும்ப வேண்டியிருந்தது.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலின் ஒரு பங்கு இவள்தான். தாய்மார் பிள்ளைகளை வெறும் தரையில் விட்டுப் போகவில்லை. வாங்கிக்கொள்ளக் கைகள் இருந்தன. விசுவாசம் என்பது தனியொருத்தியின் நெஞ்சுறுதி மட்டுமல்ல; அவளைச் சுற்றி இருப்பவர்களின் கைகளும் சேர்ந்ததுதான்.

நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் செய்துவந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். இடம்பெயர்ந்த வீட்டில் இன்னொரு குடும்பத்துக்குப் பாய் விரித்த அக்காமார், தகப்பனை இழந்த பிள்ளைக்கு மாதாமாதம் படிப்புச் செலவு அனுப்புகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியையை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறவர்கள். பெரும்பாலும் இவர்களுடைய பெயர்கள் இந்த மலரிலும் வராது.

தங்கைமாரே, பயம் வந்தால் ஒளிக்காதீர்கள், எழுதிவையுங்கள். உள்ளதை உள்ளதென்று சொல்லுங்கள். பக்கத்தில் விழுந்தவளுக்குக் கைகொடுங்கள். யாரோ ஒருத்தியின் பிள்ளையை வாங்கிக்கொள்ளும்படி ஒருநாள் உங்களைக் கேட்பார்கள். அப்போது கையை நீட்டுங்கள். அதற்கு வேண்டிய பெலனை இறைவன் உங்களுக்கும் எனக்கும் தருவாராக.